லேசிக்: முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

லேசிக் நோய் தீர்க்கும் சிகிச்சை அன்று. கிட்டப்பார்வை உள்ள கண்ணில் ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடுகிறது. அதைக் கண்ணாடி சரிசெய்கிறது. கண்ணாடிக்குப் பதிலாகக் கருவிழியின் வளைவையே லேசரால் செதுக்கி மாற்றுவதுதான் லேசிக். கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற, வேறு குறை எதுவும் இல்லாத கண்ணில் செய்யப்படும் அறுவை சிகிச்சை இது. இன்றைக்குச் செய்யாவிட்டால் நாளைக்கு மோசமாகிவிடும் என்ற அவசரம் இதில் இல்லை. ‘இந்த மாதம் மட்டும் சலுகை’ என்று நெருக்கும் விளம்பரத்தைச் சந்தேகிக்க இந்த ஒரு காரணமே போதும்.

இந்த லேசரின் தொடக்கத்தில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணியாற்றியவர். 1981 நவம்பரில், விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியின் மீது எக்சைமர் லேசரைப் பாய்ச்சியபோது, சுற்றியுள்ள திசு கருகாமல் வெட்டு மட்டும் சுத்தமாக விழுவதைக் கண்டார்கள். கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கெல் 1983-இல் இதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். கண்ணில் இன்று பயன்படும் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் அதுவே. கருவியின் துல்லியம் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. எந்தக் கண்ணில் செய்யலாம், எதில் செய்யக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கு அடிப்படை கருவிழியின் கனம். நடுப்பகுதியில் இது பெரும்பாலும் 500 முதல் 560 மைக்ரான் வரை, அதாவது அரை மில்லிமீட்டர் அளவு, இருக்கும். லேசிக்கில் முதலில் மேல்பகுதி மெல்லிய மடல்போல வெட்டித் திறக்கப்படுகிறது. இதற்குச் சுமார் 110 மைக்ரான் போகும். பிறகு ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் வரை லேசர் கரைக்கிறது. மடலுக்கு அடியில் எஞ்சுவது குறைந்தது 250 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி; 300-க்குக் கீழே போக விரும்பாத மருத்துவர்கள் பலர். 540 மைக்ரான் கனமும் மைனஸ் 6 பவரும் உள்ளவருக்கு, பவருக்கு 14 என்று வைத்துக் கணக்கிட்டால், சுமார் 346 மைக்ரான் மிஞ்சும். 480 மைக்ரான் கனத்தில் மைனஸ் 8 பவர் என்றால் மிஞ்சுவது 258. காகிதத்தில் இது விதிக்குள் அடங்கினாலும், கருவிழியின் மொத்தக் கனத்தில் 46 சதவீதத்தில் கை வைத்தாகிவிட்டது. 40 சதவீதத்தை எட்டும்போதே எச்சரிக்கை தேவை. இந்தக் கணக்கைத் தன் கண்ணுக்குப் போட்டுக் காட்டும்படி நோயாளி கேட்கலாம். கேட்டால் பதில் சொல்ல மருத்துவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கனத்தைவிட முக்கியமானது கருவிழியின் வடிவம். கெரட்டோகோனஸ் என்ற நிலையில் கருவிழி மெலிந்து கூம்புபோல முன்னே தள்ளும். ஆரம்ப கட்டத்தில் இதற்கு வெளிப்படையான அறிகுறி இருக்காது; கருவிழியின் வரைபடம் எடுக்கும் டோப்போகிராஃபி, டோமோகிராஃபி சோதனைகளில்தான் பிடிபடும். இதைக் கவனிக்காமல் லேசிக் செய்தால், மாதங்களோ வருடங்களோ கழித்துக் கருவிழி புடைத்துப் பார்வை சரியும். அப்போது கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை செய்து மேலும் மோசமாகாமல் நிறுத்தலாம்; முற்றினால் கருவிழி மாற்று சிகிச்சைவரை போக நேரும். அடிக்கடி கண்ணைத் தேய்ப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது கெரட்டோகோனஸ் உள்ளவர்கள், சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகிறவர்கள் இதை மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.

18 வயது ஆகாதவர்களுக்கும், கடந்த ஓராண்டில் பவர் அரைப் புள்ளிக்கு மேல் மாறியவர்களுக்கும் லேசிக் பொருந்தாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், கடுமையான கண் உலர்ச்சி, கண்புரை ஆகியவையும் தடைகளே. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர் அதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தை அழுத்தி மாற்றும் என்பதால், சாஃப்ட் லென்ஸை ஓரிரு வாரமும் ஹார்டு லென்ஸை மூன்று நான்கு வாரமும் நிறுத்திய பிறகே அளவெடுக்க வேண்டும். முந்தின நாள்வரை லென்ஸ் போட்டிருந்தவருக்கு அடுத்த நாளே அளவெடுத்துத் தேதி குறிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

கண் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைச் சோதிப்பதும் கட்டாயம். அதிக மைனஸ் பவர் உள்ள கண் நீண்ட கண். அதன் விழித்திரை மெலிந்தும் கிழிய வாய்ப்புள்ளதாகவும் இருக்கலாம். லேசிக் முன்பக்கத்தை மட்டுமே மாற்றுகிறது. கண்ணாடி போன பிறகும் விழித்திரை விலகும் அபாயம் அப்படியே இருக்கும். ‘கண் சரியாகிவிட்டது’ என்று நினைத்து ஆண்டுப் பரிசோதனையை நிறுத்திவிடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

வெள்ளெழுத்தையும் லேசிக் தடுக்காது. 40 வயதைத் தாண்டியதும் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். மைனஸ் 2, 3 பவர் உள்ளவர்கள் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் நாளிதழ் படிப்பதைப் பார்த்திருக்கலாம். லேசிக் செய்துகொண்டால் அந்த வசதி போய்விடும். 38, 39 வயதில் வருகிறவருக்கு இதை முதலில் சொல்லாதவர் பாதியை மறைக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

பக்கவிளைவுகளில் பரவலானது கண் உலர்ச்சி. மடலை வெட்டும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடுவதே காரணம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைகிறது, சிலருக்கு நீடிக்கிறது. இரவில் விளக்கைச் சுற்றி வட்டமும் சிதறலும் தெரிவது அடுத்தது. அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று நடத்திய ஆய்வொன்று 2017-இல் வெளியானது. முன்பு இத்தகைய காட்சித் தொந்தரவு இல்லாதவர்களில் 46 சதவீதம் வரையிலானோர் மூன்று மாதம் கழித்து ஏதேனும் ஒன்றைப் புதிதாகக் கண்டனர். உலர்ச்சி இல்லாதிருந்தவர்களில் 28 சதவீதம் வரை அதைப் புதிதாக உணர்ந்தனர். அன்றாட வேலை பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவே, பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் திருப்தி தெரிவித்தார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

எனவே தொழிலைப் பொறுத்து முடிவு மாறும். புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் தூசியிலும் வெல்டிங் ஒளியிலும் நிற்பவருக்கு உலர்ச்சி சிறு விஷயமல்ல. இரவில் கடலூர் சாலையில் எதிர்வண்டிகளின் முகப்பு விளக்கைப் பார்த்து ஓட்டுநராகப் பிழைப்பவருக்கு ஒளிச்சிதறல் பிழைப்பையே தொடும். கபடி, குத்துச்சண்டை போன்ற அடிபடும் விளையாட்டுகளில் இருப்பவருக்கு மடல் பெயரும் அபாயம் உண்டு. மடல் இல்லாத பிஆர்கே முறை அவருக்கு ஏற்றதாகலாம். ஆனால் அதில் முதல் சில நாட்கள் வலி அதிகம், பார்வை தெளியவும் நாளாகும். சிறு துளை வழியாகத் திசுவை எடுக்கும் ஸ்மைல் முறையும், கருவிழியைக் கரைக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையும் மற்ற வழிகள். கண்ணாடியிலேயே தொடர்வதும் ஒரு வழிதான்.

அரசு வேலைக்கு முயல்பவர் தேர்வு அறிவிப்பின் மருத்துவத் தகுதிப் பகுதியை முதலில் படிக்க வேண்டும். ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள். படைப்பிரிவுகளில் சிலவற்றில் அனுமதி உண்டு. ஆனால் 20 வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், குறிப்பிட்ட கால இடைவெளி இருக்க வேண்டும் போன்ற நிபந்தனைகள் உள்ளன. வேலைக்காக என்று செய்துகொண்டு அதனாலேயே வேலையை இழப்பது, தவிர்த்திருக்கக்கூடிய சோகம்.

செலவில் காப்பீட்டை நம்பக் கூடாது. 7.5 பவருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைத் திருத்தும் செலவைப் பொது விலக்காக வைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களை அனுமதித்துள்ளது. கட்டணத்தைப் பொறுத்தவரை புதுச்சேரிவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. மருத்துவ நிறுவனங்கள் குறித்த 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் டெல்லி தவிர்த்த யூனியன் பிரதேசங்களுக்குத் தொடக்கத்திலேயே பொருந்தியது. அதன் 2012 விதிகளின்படி கட்டணப் பட்டியலை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். எல்லை தாண்டிக் கடலூருக்கோ சென்னைக்கோ போனால் தமிழ்நாட்டின் தனிச் சட்டம் பொருந்தும். எங்கே செய்தாலும், பவர் மிச்சமிருந்தால் மறுசிகிச்சைக்குத் தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கருத்தைக் கேட்கக் கோரிமேட்டு ஜிப்மரின் கண் பிரிவும், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. அறுவை சிகிச்சை செய்யாத மருத்துவரிடம் கேட்பது இன்னும் நல்லது.

ஒப்புதல் படிவம் வெறும் கையெழுத்துச் சடங்கல்ல. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், கணிசமான அபாயங்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பனவற்றைச் சொன்ன பிறகு தரப்படுவதே ஒப்புதல். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பார்வை மங்கியிருக்கும்போது நீட்டப்படும் ஆங்கிலப் படிவம் அந்தத் தரத்தை எட்டுமா என்பது கேள்வியே. முந்தின நாளே வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய், தெரிந்தவரை வைத்துப் படித்துப் பார்க்கக் கேட்கலாம். மேசையில் படுக்கும்வரை மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் உண்டு.

சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, கனம், வரைபடம் ஆகியவற்றின் நகலை ஆயுள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது அதன் பவரைக் கணக்கிட அவை தேவைப்படும். கருவிழி மெலிந்த பிறகு கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், கண் அழுத்த நோயைச் சோதிப்பவருக்கும் லேசிக் செய்ததைச் சொல்ல வேண்டும். ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும், மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. மூன்றாண்டு போதாது, உடனே வாங்கிவிட வேண்டும்.

குறை நேர்ந்தால் என்ன வழி? கட்டணம் பெற்றுச் செய்த மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி. பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும் தட்டாஞ்சாவடியில் வசிப்பவர் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு தரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தர வேண்டும். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. முதற்கட்ட ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு.

ஆனால் விளைவு சரியில்லை என்பது மட்டும் அலட்சியத்தை நிரூபிக்காது. முன்பே சொல்லி, ஏற்றுக்கொள்ளப்பட்ட உலர்ச்சிக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. வரைபடம் எடுக்காமல் செய்தது, கெரட்டோகோனஸ் தெரிந்தும் செய்தது, அபாயத்தைச் சொல்லாமல் மறைத்தது, தொற்றைக் கவனிக்காமல் விட்டது போன்றவையே வழக்கைத் தாங்கும். அவற்றைக் காட்ட ஆவணங்களும், வேறொரு கண் மருத்துவரின் எழுத்துப்பூர்வக் கருத்தும் வேண்டும். குற்றவியல் வழக்குக்கு இன்னும் கடினமான அளவுகோல் உள்ளது: 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி அலட்சியம் மிகக் கொடியதாக இருக்க வேண்டும். மருத்துவரின் நடத்தை மீதான புகாரை அவர் பதிவுசெய்துள்ள மாநில மருத்துவ மன்றத்துக்கு அனுப்பலாம். பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும். மன்றம் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், எச்சரிக்கலாம்; இழப்பீடு வாங்கித் தராது. நுகர்வோர் வழக்கில் மாவட்ட ஆணையத்தின் உத்தரவு பாதகமானால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.