ரெட்டை வாழைப்பழமும் ஒரு லாம்டாவும்!

ஹாஸ்டல் மெஸ்ஸில் ரெட்டை வாழைப்பழம் வந்தால் என்ன நடக்கும்? ஒருத்தியும் தொட மாட்டாள்! 'வேணாம்டி... ட்வின்ஸ் பொறக்கும்'னு பக்கத்து தட்டுக்குத் தள்ளி விடுவாங்க. தள்ளினவங்க லிஸ்ட்டில் பிளஸ் டூ பயாலஜியில் சென்டம் வாங்கின ஃப்ரெண்டும் உண்டு!

சிரிக்காதீங்க. நாலரை மாசம் முன்னாடி எங்க வீட்டிலும் இதே கூத்துதான். பெரியம்மா பொண்ணுக்கு ஸ்கேன் எடுத்ததில் ரெட்டைக் குழந்தைன்னு தெரிஞ்சது. வீடே திருவிழா! "நான் அன்னிக்கே சொன்னேன்ல... ரெட்டைப் பழத்தைத் திங்காதடின்னு. கேட்டாளா?"ன்னு அம்மாச்சிக்கு ஒரே பெருமை. எல்லாரும் பழத்தைப் பத்திப் பேசினோம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வார்த்தையைப் பத்தி மட்டும் யாருமே கேட்கலை. 'மோனோகோரியானிக்'. ரெண்டு உயிரும் அந்த ஒத்தை வார்த்தையை நம்பித்தான் இருக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

என்ன அது? அதுக்கு ஆரம்பத்திலிருந்து வரணும். வாங்க!

ஒரு நாள் வேலிடிட்டி!

மாசா மாசம் சினைப்பையிலிருந்து பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை வெளியே வரும். எப்போ? அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னாடி. எல்லாருக்கும் 14-வது நாள்தான்னு நினைச்சுக்காதீங்க. 35 நாள் சைக்கிள் உள்ளவங்களுக்கு அது 21-வது நாள் வாக்கில் வரும்.

வெளியே வந்த முட்டையோட வேலிடிட்டி 12-லிருந்து 24 மணி நேரம்தான். ஆனால் விந்தணு பெண்ணோட உடம்புக்குள் 5 நாள் வரைக்கும் உயிரோட காத்திருக்கும். ரெண்டையும் கூட்டிப் பாருங்க, கர்ப்பம் தரிக்க மாசத்துக்கு 6 நாள்தான் சான்ஸ்!

கோடிக்கணக்கில் கிளம்பற விந்தணுக்களில் முட்டை பக்கத்தில் போய்ச் சேருவது சில நூறுதான். ஒண்ணு உள்ளே நுழைஞ்சதும் முட்டையோட மேலுறை இறுகிடும். 'ஹவுஸ்ஃபுல்' போர்டு! இதெல்லாம் நடக்கும் இடம் கருப்பைன்னுதானே நினைச்சீங்க? இல்லை, கருக்குழாய். அங்கேயிருந்து 2, 4, 8-ன்னு செல்கள் பெருகிக்கிட்டே உருண்டு வந்து, 6-லிருந்து 10 நாளுக்குள் கருப்பைச் சுவரில் பதியும். அப்புறம்தான் எச்.சி.ஜி. ஹார்மோன் அம்மாவோட உடம்பில் ஏறும். வீட்டில் டெஸ்ட் கார்டில் ரெண்டாவது கோடு விழுவது அதனால்தான். அவசரப்பட்டு மறுநாளே டெஸ்ட் பண்ணினால் கார்டு காசு வேஸ்ட்!

ரெண்டு ரூட்!

ட்வின்ஸ் வருவதற்கு ரெண்டு ரூட் இருக்கு.

முதல் ரூட்: ஒரே மாசத்தில் ரெண்டு முட்டை வெளியே வந்து, ரெண்டிலும் தனித்தனி விந்தணு சேரும். இவங்க ஒரே பஸ்ஸில் வந்த அண்ணன் தங்கச்சி மாதிரி. ஒண்ணு ஆணாவும் ஒண்ணு பெண்ணாவும் இருக்கலாம். அம்மா வழியில் இப்படி ட்வின்ஸ் இருந்தால் சான்ஸ் கூடும். 2016-ல் வந்த ஒரு ஆராய்ச்சி, இதோடு சம்பந்தப்பட்ட ரெண்டு ஜீன்களையே அடையாளம் காட்டிடுச்சு. அப்பா வழின்னா? அவரோட மனைவிக்கு எஃபெக்ட் இல்லை. மகளுக்கு வேணா அந்த ஜீன் போகலாம். அம்மாவுக்கு வயசு 35-ஐத் தாண்டினாலும், முட்டையைத் தூண்டும் மருந்து எடுத்தாலும் சான்ஸ் கூடும்.

நைஜீரியாவில் இக்போ ஓரான்னு ஒரு ஊர். ட்வின்ஸுக்கு உலக ஃபேமஸ்! அங்கே கேட்டால் 'வெண்டை இலை சூப்தான் காரணம்'பாங்க. நமக்கு வாழைப்பழம், அவங்களுக்கு வெண்டை இலை! பக்கத்திலேயே கேரளாவில், மலப்புரம் மாவட்டம் கொடிஞ்ஞியில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் இருக்காங்க. 2016-ல் விஞ்ஞானிகள் வந்து எச்சில், முடியெல்லாம் சேகரிச்சுக்கிட்டுப் போனாங்க. காரணம் இதுதான்னு உறுதியாகலை.

ரெண்டாவது ரூட்: ஒரே முட்டை, ஒரே விந்தணு. உருவான கரு நடுவழியில் ரெண்டாகப் பிரிஞ்சிடும். இவங்கதான் ஜெராக்ஸ் காப்பி, ஐடென்டிகல் ட்வின்ஸ். கைரேகை மட்டும் வேற வேற! எந்த நாடாக இருந்தாலும் 1,000 பிரசவத்துக்கு ஏறக்குறைய 4 தடவை இது நடக்குது. பெரும்பாலும் பரம்பரை காரணமில்லை, சாப்பாடும் காரணமில்லை. சும்மா அமையுது, அவ்வளவுதான். (ஸாரி அம்மாச்சி!)

லாம்டா தெரியுதா?

இப்போ மெயின் மேட்டர். கரு எந்த நாளில் பிரியுதுங்கிறதில்தான் விஷயமே இருக்கு. முதல் 3 நாளுக்குள் பிரிஞ்சால் ஆளுக்கு ஒரு நஞ்சுக்கொடி, ஆளுக்கு ஒரு பனிக்குடம். 4-லிருந்து 8 நாளுக்குள் பிரிஞ்சால் பனிக்குடம் தனித்தனி, ஆனால் நஞ்சுக்கொடி ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் பிறகுன்னா பனிக்குடமும் ஒண்ணேதான். ஐடென்டிகல் ட்வின்ஸில் பத்துக்கு ஏழு ஜோடி ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போட்டுக்கிறவங்க. அதுக்குப் பேர்தான் 'மோனோகோரியானிக்'.

ஒரே தட்டில் ரெண்டு பேர் சாப்பிடும் கதைதான். பெரும்பாலும் சண்டை வராது. ஆனால் 100 ஜோடியில் 10-லிருந்து 15 ஜோடிக்கு, நஞ்சுக்கொடி ரத்தக்குழாய் வழியாக ஒரு குழந்தையோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போய்க்கிட்டே இருக்கும். கொடுக்கிற குழந்தை வாடும், வாங்குற குழந்தையோட இதயம் திணறும். தீவிரமாகி கவனிக்காம விட்டால் ரெண்டு உயிருக்குமே ஆபத்து. சீக்கிரம் கண்டுபிடிச்சால் வயிற்றுக்குள்ளேயே லேசர் செலுத்தி அந்த ரத்தக்குழாய்களை அடைச்சிட முடியும்.

நஞ்சுக்கொடி ஒண்ணா ரெண்டான்னு துல்லியமாகத் தெரிவது 11-லிருந்து 14 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேனில்தான். ரெண்டு பனிக்குடத்துக்கும் நடுவில் இருக்கும் சவ்வு, நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் 'லாம்டா' எழுத்து மாதிரி அகலமாகத் தெரிஞ்சால் நஞ்சுக்கொடி ரெண்டு. ஆங்கில 'டி' மாதிரி மெல்லிசாக இறங்கினால் ஒண்ணு. பிசிக்ஸ் லேபில் அலைநீளம்னு மனப்பாடம் பண்ணின லாம்டா இங்கே வந்து நிற்குது பாருங்க! நாள் போகப் போக அந்த அடையாளம் மங்கிடும்.

அக்காவோட ரிப்போர்ட்டில் 'டி'. 16-வது வாரத்திலிருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்னு டாக்டர் எழுதிட்டாங்க. "இத்தனை ஸ்கேன் எதுக்கு? காசு பிடுங்கத்தான்"னு மாமா வீட்டில் ஒரே முணுமுணுப்பு. அக்காவும் 'ஒண்ணு ரெண்டை விட்டுடலாமா'ன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டா. கூடப் போன நான்தான் டாக்டர்கிட்ட காரணத்தைக் கேட்டேன். அவங்க ஒரு பேப்பரில் 'டி' போட்டுக் காட்டி, பொறுமையாக விளக்கினாங்க. அந்தப் பேப்பரை வீட்டுக்குக் கொண்டு வந்து எல்லாருக்கும் நான் கிளாஸ் எடுத்தேன். அன்னிக்கு அடங்கினதுதான் முணுமுணுப்பு!

இப்போ 30-வது வாரம். ரெண்டு வாண்டும் நல்லா இருக்காங்க. ட்வின்ஸில் பாதிக்கு மேல 37 வாரத்துக்கு முன்னாடியே பிறந்துடுவாங்களாம், அதனால் பையெல்லாம் இப்போதே ரெடி.

உங்க அக்காவுக்கோ அண்ணிக்கோ ட்வின்ஸ்னு தெரிஞ்சால், ஸ்வீட் கேட்பதற்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா?" திடீர்னு வயிறு பெருசானாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த ஸ்கேன் தேதி வரைக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

அப்புறம், ரெட்டை வாழைப்பழம்? வேணாம்னா என் தட்டுக்குத் தள்ளுங்க ஃப்ரெண்ட்ஸ். ஒரு பழத்தோட டோக்கனில் ரெண்டு பழம்... யாருக்குக் கசக்கும்?