உருபு மறைந்தாலும் பொருள் உண்டு: கல்லீரல் அறுவைக்குப் பின் ஓர் இரத்தச் சோதனை

கல்லீரல் புற்றுக்கட்டியை அறுத்து நீக்கிய பின்னர், மருத்துவர் சில திங்களுக்கு ஒருமுறை நோயாளியின் குருதியில் ஒரு புரதத்தை அளப்பார். அதன் பெயர் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். கருவிலுள்ள குழந்தையின் கல்லீரல் அதனை மிகுதியாகச் சுரக்கிறது. பிறந்தபின் சுரப்பு ஏறத்தாழ நின்றுவிடும். 1963இல் சோவியத் அறிஞர் காரி அபெலெவும் உடன்பணியாற்றியோரும் கல்லீரல் புற்றுடைய சுண்டெலிகளின் குருதியில் அதனைக் கண்டனர். அடுத்த ஆண்டே தத்தாரினோவ் மனித நோயாளியிடமும் கண்டார்.

இத்தகைய பொருளைக் 'கட்டிக் குறிப்பான்' என்கிறோம். அழிப்பான் அழித்துவிடும், குறிப்பானோ குறிக்க மட்டுமே செய்யும். மொழியாசிரியர்க்கு இது புதிதன்று. 'தேநீர் குடித்தான்' என்பதில் 'ஐ' உருபு மறைந்துள்ளது, செயப்படுபொருள் மறையவில்லை. அவ்வாறே கல்லீரல் புற்றுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்புரதத்தை உயர்த்துவதேயில்லை. மறுதலையும் உண்டு. 'மலையின் இறங்கினான்' என்பதில் 'இன்' நீங்கலைக் காட்டும். 'மலையின் உயர்ந்த புகழ்' என்பதில் ஒப்பைக் காட்டும். இப்புரதமும் கல்லீரல் அழற்சியால் உயரலாம், கருவுற்றிருந்தாலும் உயரும்.

ஆகவே தனி எண்ணைவிட எண்களின் வரிசையே நமக்குச் செய்தி சொல்கிறது. குருதியில் இப்புரதம் பாதியாகக் குறைய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அறுவைக்கு முன் மில்லிலிட்டருக்கு 800 நானோகிராம் இருந்ததெனக் கொள்வோம். கட்டி முற்றும் நீங்கியிருந்தால், வாரத்திற்குப் பாதியாக இறங்கி ஐந்தாம் வாரத்தில் 25க்கு வரவேண்டும். இறங்காது நின்றால் மிச்சமுண்டோ என்று ஐயுறவேண்டும். இறங்கியபின் அடுத்தடுத்து ஏறினால் மீள்வரவை ஐயுறவேண்டும். அறுவைக்குப் பின் ஐந்தாண்டுக்குள் பாதிப்பேருக்கு மேல் நோய் திரும்புகிறது. எனவேதான் முதல் இரண்டாண்டுகளில் சோதனையும் ஸ்கேனும் நெருக்கமாக நடைபெறுகின்றன. ஆய்வகம் மாறினால் அளவும் சற்று மாறக்கூடும் என்பதால், ஒரே ஆய்வகத்தில் அளப்பது நன்று.

லெம்பா பெர்த்தாமிலிருந்து ஈப்போ சென்று ஸ்கேன் எடுத்துத் திரும்பினால் ஒருநாள் கூலி போய்விடும். தாளில் 'நோர்மல்' என்றிருக்க, ஸ்கேன் எதற்கு என்று தோட்டத் தொழிலாளி எண்ணுவது இயல்பே. ஆனால், அந்தப் புரதத்தைச் சுரக்காத கட்டியை ஸ்கேன் ஒன்றே காட்டும்.

வீட்டில் அந்தத் தாளை வாசித்துச் சொல்பவர் பள்ளி மாணவராக இருக்கலாம். மாணவர்களே, அதனை 'நோய் இல்லை' என மொழிபெயர்க்காதீர். 'இம்முறை அளவு உயரவில்லை. ஸ்கேனுக்குக் குறித்த நாளில் போகவேண்டும்' என்று சொல்லுங்கள். பழைய தாள்களையும் நாள்வரிசையில் கோத்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.