ஒரு லட்ச ரூபாய் ராட்டை

1929-இல் அகில பாரத சர்க்கா (ராட்டை) சங்கம் ஒரு போட்டியை அறிவித்தது. கிராமத்து வீட்டில் வைத்து இயக்கத்தக்க நல்ல ராட்டையைச் செய்து தருபவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு. எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையிலான (நம்பர் கூடினால் நூல் மெலியும்) நூல் 16,000 அடி நூற்க வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

வேகத்துக்கு ஏன் இத்தனை விலை என்பதைத் திருச்செங்கோட்டுப் பக்கம் வந்து பார்த்தால் புரியும். அங்கே புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சுற்றிலும் மானாவாரிக் காடு. மழை பொய்த்த காலங்களில் சுற்றூர்ப் பெண்கள் ஆசிரமத்தில் பஞ்சு வாங்கிப் போய், நூலாக்கிக் கொடுத்துக் கூலி பெற்றார்கள். நூற்ற நூலின் அளவுக்குத்தான் கூலி. கை ஓடினால்தான் அடுப்பு எரியும்.

நூற்பதில் மூன்று வேலைகள் உண்டு: பஞ்சை மெலிதாக இழுப்பது, முறுக்கேற்றுவது, கதிர் என்ற சுழலும் கம்பியில் சுற்றுவது. பழைய ராட்டையில் வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, இடக்கை பஞ்சுத் திரியைப் பின்னால் இழுக்கும். கதிரின் முனையிலிருந்து நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் நழுவி விழும்போது ஒரு முறுக்கு ஏறுகிறது. கை எட்டும் மட்டும் இழுத்தபின், சக்கரத்தைச் சற்றே பின்னோக்கித் திருப்பி, நூற்றதைக் கதிரில் சுற்ற வேண்டும். அத்தனை நேரமும் புது நூல் இல்லை. வேகம் தடைபட்ட இடம் இதுதான்.

ஆனால் அந்த இடக்கையின் நுட்பத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும். அங்கே இழைகள் இறுகிப் பூட்டிக்கொள்ளும். தடித்த இடம் தளர்வாகவே இருப்பதால் இன்னும் இழுபடும். விரல்கள் சரியான நேரத்தில் விட்டுக் கொடுத்தால் நூல் தானே சீராகிவிடும். ஒரு ராத்தல் 20-ஆம் நம்பர் நூலின் நீளம் 16,800 கஜம். அவ்வளவு நீளத்துக்கும் விரல்கள் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும். தறியில் பாவாக ஏறி, விழுதின் உரசலையும் இழுப்பையும் தாங்குகிறதா என்பதில்தான் நூலின் தரம் தெரியும். நெசவாளியை விடக் கண்டிப்பான நடுவர் இல்லை.

லட்ச ரூபாயை யாரும் வெல்லவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத்தான், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் ஒரு வழி கண்டார். அவர் செய்த ராட்டை அவர் பெயராலேயே அம்பர் சர்க்கா ஆயிற்று. ஆலைகளில் உள்ள உருளைகளையும் வளையத்தையும் கைராட்டைக்குள் கொண்டுவந்தார். பின் உருளைகள் மெதுவாகவும் முன் உருளைகள் வேகமாகவும் சுழல்வதால் இடையில் பஞ்சு இழுபடுகிறது. வளையத்தின் மேல் ஓடும் சிறு கொக்கி முறுக்கேற்றிக்கொண்டே நூலைச் சுற்றிவிடுகிறது. நிறுத்தித் திருப்பும் வேலை ஒழிந்தது. கதிர்களையும் ஒன்றுக்கு மேல் வைக்க முடிந்தது.

இருந்தும் உருளைக்கு விரலின் அறிவு கிடையாது. தடித்த பஞ்சையும் மெலிந்த பஞ்சையும் அது ஒரே விகிதத்தில்தான் இழுக்கும். அதனால்தான் அம்பர் சர்க்காவோடு, பஞ்சை முன்கூட்டியே சீரான பட்டையாக்கித் தர இன்னொரு கருவியும் சேர்ந்தே கிராமங்களுக்குப் போக வேண்டியிருந்தது.