சேமிப்புக் கோப்பும் நாணய மின்கலமும்

வீடியோ கேம் கேட்ரிட்ஜ் ஒன்றில் இருவகைத் தரவுகள் உறைகின்றன. ஆட்டத்தின் நிரல் தொழிற்சாலையிலேயே அழியாத சில்லில் பதிக்கப்பட்டு, ஏராளமான பிரதிகளாக விற்கப்படுவதால், ஒன்று பழுதானாலும் இன்னொன்றைத் தேடிப் பெற்றுவிடலாம். ஆடுபவர் மாதக்கணக்கில் முயன்று எட்டிய நிலையைக் குறித்துவைக்கும் சேமிப்புக் கோப்போ உலகிலேயே ஒரு பிரதியாக மட்டும் இருக்கிறது. ஆயினும் 1980களிலும் 1990களிலும் வெளிவந்த பல கேட்ரிட்ஜ்களில் அந்த ஒற்றைப் பிரதிதான் மிக நலிந்த உறுப்பிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

சேமிக்கும் வசதி இல்லாத கேட்ரிட்ஜ்களில், ஆட்டத்தின் நிலையைக் கடவுச்சொல்லாக மாற்றித் திரையில் காட்டி, ஆடுபவரையே எழுதிவைத்துக்கொள்ளச் செய்தனர். 1987இல் ஜப்பானில் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட் 2’இல் அது 52 எழுத்துகள் வரை நீண்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் கேட்ரிட்ஜாக வெளிவந்த நின்டெண்டோவின் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’, 8 கிலோபைட் எஸ்ரேம் சில்லையும் அதற்குத் துணையாக நாணய வடிவிலான 3 வோல்ட் லித்தியம் மின்கலத்தையும் தன்னுள் கொண்டிருந்தது. எஸ்ரேம் என்பது மின்சாரம் உள்ளவரை மட்டுமே தரவைத் தாங்கும் நினைவகம்; அதற்குத் தேவைப்படும் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால், ஒரு மின்கலம் பல ஆண்டுகள் ஈடுகொடுக்கிறது.

மின்கலம் நல்ல நிலையில் இருந்தபோதும், விசையை அணைக்கும் கணத்தில் சேமிப்பு சிதையக்கூடும் என்பதே இவ்வமைப்பின் விந்தை. ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்விசையை அணைக்குமாறு செல்டா ஆட்டம் ஆடுபவரைப் பணித்தது. மின்விசையை அணைத்ததும் மின்னழுத்தம் ஒரேயடியாக விழாமல் படிப்படியாகச் சரிகிறது. அந்த நொடிப்பொழுதில் செயலி முற்றிலும் ஓயாமலும் ஒழுங்காக இயங்காமலும் தடுமாறி, கட்டளைகளைப் பிறழப் படித்து, எஸ்ரேமில் பொருளற்ற மதிப்புகளை எழுதிவிடலாம். ரீசெட் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும்வரை செயலி நிறுத்திவைக்கப்படுவதால் அது எதையும் எழுத இயலாது. பொறியியல் தீர்க்க வேண்டிய சிக்கல், இவ்வாறு சிறுவர்களின் விரல்களிடம் விடப்பட்டது.

இத்தகைய சிதைவைக் கண்டறிய, பல ஆட்டங்கள் செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண்ணைக் கோப்புடன் சேர்த்து வைக்கின்றன. மளிகைச் சீட்டின் அடியில் இடப்படும் கூட்டுத்தொகை போல, உள்ளே ஏதேனும் ஓர் எண் மாறினால் அது பொருந்தாமல் போகும். பொருந்தாத கோப்பைச் சில ஆட்டங்கள் முழுவதுமாகப் புறக்கணித்துவிடுகின்றன. எனினும், சில்லின் உள்ளடக்கத்தை முன்னதாகவே கணினியில் படியெடுத்திருந்தால், பழுதான பகுதியைத் திருத்தி, செக்சத்தை மீண்டும் கணக்கிட்டு எழுதி, எஞ்சியதை மீட்க வாய்ப்புண்டு. மின்கலம் தீர்ந்தபின் எஸ்ரேமில் மீட்பதற்கு எதுவும் எஞ்சியிராது.

1999இல் வந்த ‘போகிமான்’ கோல்ட், சில்வர் ஆட்டங்களில் அதே மின்கலம் கடிகாரத்தையும் ஓட்டுவதால் விரைவில் தீர்கிறது. 2002இல் வந்த ரூபி, சஃபையர் ஆட்டங்களில் சேமிப்பு, மின்சாரமின்றியே தரவைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறிவிட்டது. அவற்றில் மின்கலம் தீர்ந்ததாகத் தோன்றும் அறிவிப்பு கடிகாரத்தை மட்டுமே குறிக்கிறது என்பதை அறியாமல் கேட்ரிட்ஜைக் குப்பையில் எறிவது வீண் இழப்பாகும்.

பிளேஸ்டேஷன் மெமரி கார்டின் இயல்பு வேறு. 128 கிலோபைட் கொண்ட அந்த அட்டை 16 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, முதற்கட்டம் அட்டவணைக்கும் மற்ற 15 கட்டங்கள் கோப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு கோப்பை அழிக்கும்போது அட்டவணைக் குறியீடு மட்டுமே மாறுகிறது. தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே, தவறுதலாக அழித்தவர் செய்ய வேண்டிய முதற்காரியம் அந்த அட்டையில் வேறெதையும் சேமிக்காதிருப்பதே. பதற்றத்தில் புதிய ஆட்டத்தைத் தொடங்கி அதே அட்டையில் சேமிப்பவர், மீட்கக்கூடியதைத் தம் கையாலேயே மூடி எழுதிவிடக்கூடும்.

பழைய கேட்ரிட்ஜ்களைப் பேணுவோர், மின்கலத்தைக் கழற்றுவதற்கு முன்பே, அதற்கென உள்ள கருவியால் சேமிப்பைக் கணினிக்குப் படியெடுத்து, புதிய மின்கலத்தைப் பொருத்தியபின் திரும்ப எழுதுதல் வேண்டும். முதல் தலைமுறைப் போகிமான் ஆட்டங்களின் சேமிப்பு வெறும் 32 கிலோபைட்; கைபேசியில் எடுக்கப்படும் ஒரு நிழற்படத்தைவிட மிகச் சிறிய இக்கோப்பைக் காக்க இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. இன்றைய மேகச் சேமிப்பும் தனித்து முழுக் காப்பாகிவிடாது; ஒரு கருவியில் நேர்ந்த அழிவையோ சிதைவையோ ஒத்திசைவு மற்றக் கருவிகளுக்கும் கொண்டுசெல்லக்கூடும் என்பதால், பழைய நிலைகளைத் தேதியிட்டுத் தனியே, வேறோர் இடத்தில் வைத்திருப்பதே காப்புப் பிரதி எனத் தகும். ஆட்டத்தின் பெட்டியையும் கையேட்டையும் கண்ணாடிப் பேழையில் அடுக்கும் சேகரிப்பாளர்கள், ஆடியவரின் உழைப்பு பதிந்த அச்சிறு கோப்புக்கும் அதே மதிப்பைத் தருவது முறை.