உமிச் சாம்பலும் அலுமினியக் கூழும்

பரந்தனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மில்லில் மலையாய்க் குவிகிற உமிச் சாம்பலை உருக்கின அலுமினியத்தில் கலந்தால் இரும்பை மிஞ்சின உலோகம் வருமாமே? லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குப் பிஸ்டன் வார்க்கலாமோ?"

கலக்கலாம். இரும்பை மிஞ்சுவது வீடியோக்களில் மட்டும். சாம்பலைவிட மிகக் கடினமான சிலிக்கன் காபைட்டை ஐந்திலொரு பங்கு சேர்த்தாலே அலுமினியத்தின் விறைப்பு அரைப் பங்களவுதான் கூடும். இரும்பு அதற்கும் இரு மடங்கு விறைப்பானது. ஆனால் இந்தக் கலவை இரும்பின் எடையில் மூன்றிலொன்றுதான், வெறும் அலுமினியத்தைவிடத் தேய்வதும் குறைவு. ஆதாயம் அங்கேதான்.

1000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. உமிக்கரியால் பல் விளக்கியவர்களுக்கு அதன் கரகரப்புத் தெரியும்.

பாடு என்னவென்றால், உருகிய அலுமினியம் அந்தச் சாம்பலைத் தொட மறுக்கும். ஒடியல் மாவை உலர்வாகவே கொதிக்கிற கூழில் கொட்டிப் பாருங்கள்: வெளியே ஈரமும் உள்ளே வெறும் மாவுமாகக் கட்டி உருளும். அகப்பையால் வேகமாகச் சுழற்றிக் குழி விழுத்தி அந்தக் குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவதுதான் பட்டறையின் வழியும். 700 பாகை செல்சியசுக்கு மேலே, கிராபைற் துடுப்பால். கூடச் சுழற்றினால் காற்றும் உள்ளே போய் வார்ப்பு பொருக்காகிவிடும். கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தால் உலோகம் இளகித் துகளைப் பற்றும். கூழுக்கு மாவைக் கரைத்து ஊற்றுவோம். இங்கே தலைகீழாகச் சாம்பலை வறுத்து ஈரத்தை ஓட்டவேண்டும்.

இனி எனக்குப் பிடித்த இடம். கூழில் போட்ட நண்டு கடைசிவரை நண்டுதான். அலுமினியத்தில் போட்ட சிலிக்கா அப்படியில்லை. ஒட்சிசன் என்றால் அலுமினியத்துக்கு அவ்வளவு ஆசை. சிலிக்காவிடமிருந்தே அதைப் பிடுங்கித் துகளின் மேல் அலுமினாவாகப் படியும். தனித்துப்போன சிலிக்கன் உலோகத்தில் கரையும். பிஸ்டன் வார்ப்பவர்கள் காசு கொடுத்துச் சேர்ப்பதும் அதே சிலிக்கனைத்தான்! போட்டது ஒன்று, கிடைப்பது இன்னொன்று. நண்டு கூழைக் குடித்து வேறு பிராணியாகிவிட்டது என்று சொல்லப் பார்த்தேன்; உவமையை இத்தோடு விடுகிறேன்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பந்தி. 1960களில் அமெரிக்காவில் பிரதீப் ரோஹத்கி, நிக்கல் பூசிய கிராபைற் துகளை அலுமினியத்துக்குள் செலுத்தினார். பிறகு இந்தியாவில் அவரும் கூட்டாளிகளும் சிரட்டைக் கரியைக் கலந்து பார்த்து 1982இல் கட்டுரை வெளியிட்டார்கள். உமியும் புதிதல்ல: அதைக் காற்றில்லாமல் சுட்டுச் சிலிக்கன் காபைட் எடுக்கலாமென்று 1970களிலேயே யூட்டா பல்கலைக்கழகத்தில் காட்டிவிட்டார்கள்.

பிஸ்டன் விசயத்துக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் டொயோட்டா டீசல் பிஸ்டனில் ரிங் உட்காருகிற பள்ளத்தை மட்டுந்தான் பீங்கான் இழையால் பலப்படுத்தியது. அதுவும் தூவிக் கிண்டியல்ல. இழையை முதலில் அச்சாக்கி, உலோகத்தை அழுத்தி அதற்குள் ஏற்றி. முழுப் பிஸ்டனையும் சாம்பலில் செய்ய நினைத்தால் அது நொறுங்கக்கூடும். எஞ்சினுக்குள்ளே நொறுங்கினால் லான்ட்மாஸ்டருக்கே ஆபத்து. ஒரு கப்பி வார்த்துப் பாருங்கள். அதற்கு முன் லேத் பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த உலோகம் அவருடைய வெட்டுளிகளைத் தின்னும், வைர முனை இருந்தால்தான் சரிவரும்.