தன்னானே (ஒலிநாடா)

தன்னானே, நாட்டுப்புறப் பாடகரும் ஆய்வாளருமான கே. ஏ. குணசேகரன் (1955–2016) பாடி வெளியிட்ட ஒலிநாடாக்களுள் ஒன்று. இளையான்குடி அருகே மாரந்தையில் பிறந்த இவர், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

'தன்னானே' என்பதற்குத் தனிப்பொருள் இல்லை. நடவிலும் களையெடுப்பிலும் ஒருத்தி 'தன்னானே தானே' என்று மெட்டை எடுத்துக்கொடுப்பாள். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்ட பிறகே சொற்கள் வரும். கூட்டேரிப்பட்டுப் பக்கத்து வயல்களில் நடவுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். அயர்லாந்திலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வாத்தியம் இல்லாத இடத்தில் வெறும் அசைகளால் நடன மெட்டைப் பாடுவதை அங்கே 'லில்டிங்' என்கிறார்கள்.

சொல் மாறினாலும் மெட்டு நிற்கும். குணசேகரன் இதை நன்கு அறிந்திருந்தார். சாதிக்கொடுமைக்கு எதிராக இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது அவர் குரல்தான். கவிதையாகப் படிக்கும்போது கோபமாகத் தெரிவது, அவர் பாடும்போது ஊரே சேர்ந்து பாடத்தக்கதாகிவிடுகிறது. ஒலிப்பதிவு நேர்த்தியை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்நாடாக்கள் கரடுமுரடாகத் தோன்றலாம். எனக்கு அந்தக் கரகரப்பே பிடிக்கும்.

குணசேகரன் 2016 சனவரியில் காலமானார். அதே ஆண்டு திசம்பரில் இன்குலாப்பும் மறைந்தார்.