சிக்கனம் எங்கே? வயிற்றிலா, வழியிலா?

நாங்குநேரிச் சீமைக்குச் சிக்கனத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான்கு ஏரிகள் சூழ்ந்ததால் வந்த பெயர் என்பார்கள். மழை பொய்த்தால் அந்த ஏரிகளும் வெடித்துக் கிடக்கும். ஒரு மரக்கால் அரிசியை வாரம் முழுவதும் இழுத்துப் பிடிக்கும் வித்தை இங்குள்ள ஏழைத் தாய்க்குத் தெரியும். ஆகவே, துயர் துடைக்கும் பணத்திலும் சிக்கனம் வேண்டும் என்று எவரேனும் சொன்னால் நாம் சீறி விழவில்லை. வேண்டும்தான். எந்த இடத்தில் என்பதே நமது கேள்வி!

சரித்திரத்தைப் புரட்டுவோம். 1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம் பஞ்சத்தில் வெந்தது. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியாவுக்குச் சக்கரவர்த்தினிப் பட்டத்தைப் பறைசாற்ற டில்லியில் தர்பார் கூட்டினார் வைசிராய் லிட்டன் பிரபு. தர்பாருக்குப் பணம் இருந்தது. பஞ்சத்துக்கு? செலவைக் குறைக்க ரிச்சர்டு டெம்பிள் துரை அனுப்பப்பட்டார்!

1874-ல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கி உயிர்களைக் காத்தவர் இதே டெம்பிள்தான். அதற்காக 'ஊதாரி' என்று ஏசப்பட்டவரும் அவர்தான். இம்முறை அவர் பேனா வேறு கணக்கு எழுதியது. நிவாரண வேலையில் கல்லும் மண்ணும் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம். ஏறத்தாழ 450 கிராம். கைச்செலவுக்குச் சில்லறை. சுகாதார அதிகாரி கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இந்த அளவில் உழைப்பாளி உயிர் தரிக்க முடியாது என்று வாதாடினார். சில மாதங்களில் அளவைக் கூட்ட நேர்ந்தது. ஆனால் அதற்குள் எத்தனை உடல்கள் சாய்ந்தன! இந்தியா முழுவதும் அந்தப் பஞ்சம் விழுங்கிய உயிர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள், தோழர்களே! 2023-ல் வங்கதேச முகாம்களிலுள்ள ரோஹிங்கியா அகதிகளுக்கு உலக உணவுத் திட்டம் தந்த உதவி, நன்கொடை வற்றியதால், மாதம் 12 டாலரிலிருந்து 8 டாலராகக் குறைந்தது. பிறகு உயர்த்தினார்கள் என்பது உண்மை. ஆனால் நெருக்கடி வந்ததும் கத்தி முதலில் பாய்ந்தது எங்கே? வயிற்றில்!

பின் எங்கே மிச்சம் பிடிப்பது? வழியில் பிடியுங்கள்! 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி போயிற்று. உடுத்துவாரின்றிச் சாலையோரம் குவிந்தது. கொண்டுபோகவும் செலவு, அள்ளவும் செலவு! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். ஹெலிகாப்டர் உணவு கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னே பக்கத்து ஊர் மக்கள் உலை வைத்துச் சோறு போட்டார்கள். அந்தச் சோற்றுக்குப் பயணப்படி உண்டா? வாடகை உண்டா? கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியே அரசு கொடுத்தது. இருக்கும் கடை, இருக்கும் அட்டை. புதிய ஆபீஸ் எதற்கு?

நம் தோழர்களும் உண்டியல் ஏந்துகிறவர்களே. ஆகவே நமக்கும் சொல்லிக்கொள்கிறோம். அரிசியைப் பக்கத்துச் சந்தையிலே வாங்குங்கள். லாரி வாடகை மிஞ்சும். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். வரவு செலவைத் தெருமுனைப் பலகையில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டத்தை ரூபாயில் மட்டும் போடாதீர்கள், படிக்கணக்கிலும் போடுங்கள். விலைவாசி ஏறும் காலத்தில் ரூபாய் அப்படியே நிற்கும். அரிசி மட்டும் சத்தமின்றிக் குறைந்துவிடும். ஆணை எதுவும் போடாமலே டெம்பிள் துரையின் கணக்கு நம் நோட்டிலும் ஏறிவிடும்!

சிக்கனம் செய்வோம். வாடகையில் செய்வோம், விழாவில் செய்வோம், காகிதத்தில் செய்வோம். பசித்தவன் படியில் கை வைக்க மாட்டோம்!